ஆரணித் தறி, சீன நூல், உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் மேற்கொண்டு படிப்பதற்கு முன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். மவுஸைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கம்பெனி பெயர், மாடல் எண் எல்லாவற்றுக்கும் கீழே பொடி எழுத்தில் "மேட் இன் சைனா" என்று இருக்கிறதா? பெரும்பாலும் இருக்கும். அடுத்து கீபோர்டு, மானிட்டரின் பின்புறம், பவர் அடாப்டர் என்று வரிசையாகப் பாருங்கள். கேபினெட்டைத் திறக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால், மின் இணைப்பை எடுத்துவிட்டு மதர்போர்டையும் பார்க்கலாம். பெரும்பாலும் அதே எழுத்துதான்.

இதைப் பார்த்ததும் நம்மவர்களுக்கு இரண்டில் ஒரு எண்ணம் வரும். ஒன்று, "சைனா சரக்கா? சீக்கிரம் போய்விடும்" என்ற இளக்காரம். இன்னொன்று, "எல்லாவற்றையும் அவனே செய்கிறான், இனி நமக்கு என்ன இருக்கிறது" என்ற பயம். இரண்டும் தவறு என்பது என் கருத்து. ஏன் என்று சொல்வதற்கு நான் என் ஊருக்குப் போக வேண்டும்.

வீட்டில் இரண்டு சீனப் பொருட்கள்

எனக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள ஆரணி. ஆரணி என்றால் உங்களுக்கு அரிசி நினைவுக்கு வரலாம், இல்லையென்றால் பட்டுச்சேலை. எங்கள் வீடு சேலைப் பக்கம். அப்பா கைத்தறி நெசவாளர். நான் இன்ஜினியரிங் முடித்து சென்னையில் சாப்ட்வேர் வேலை பார்க்கிறேன்.

போன தீபாவளிக்கு வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டு போனேன். இடம் இல்லாததால் தறி இருக்கும் கூடத்திலேயே ஒரு மூலையில் மேஜை போட்டு வைத்தோம். அட்டைப் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அப்பா அதிலிருந்த எழுத்தைக் காட்டி, "இன்னாடா போட்டிருக்கு?" என்றார்.

"சைனாவுல செஞ்சதுப்பா."

அப்பா சிரித்தார். தறியில் பூட்டியிருந்த பாவைக் காட்டி, "இதுவுந்தான்" என்றார்.

பக்கத்து வீட்டு அண்ணன் அப்போது அங்கே இருந்தார். "சைனா பொருளை எல்லாம் வாங்கவே கூடாது தம்பி" என்று அடிக்கடி சொல்பவர் அவர். அவருடைய தறியிலும் சீன நூல்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை.

எங்கள் வீட்டில் இரண்டு தறிகள். ஒன்று பல மாதமாகச் சும்மா நிற்கிறது. அதை நெய்த சித்தப்பா மகன் இப்போது விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் ஏறி செய்யாறு சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறான். "அந்தத் தறியைக் கழட்டிடலாமா? நீ படிச்சவன், சொல்லு" என்று அப்பா அன்று இரவு கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடியபோது தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தறிதான் கம்ப்யூட்டரின் தாத்தா

முதலில் ஒரு உறவு முறையைத் தெரிந்துகொள்வோம். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி என்று ஒன்று இருக்கும். துளையிட்ட அட்டைகள் சங்கிலி போலக் கோர்க்கப்பட்டு அதில் ஒவ்வொன்றாகத் திரும்பும். துளை இருந்தால் அந்தக் கொக்கி பாவு இழையைத் தூக்கும். துளை இல்லையென்றால் தூக்காது. மயிலும் அன்னமும் மாங்காயும் இப்படித்தான் சேலையில் விழுகின்றன. உண்டு அல்லது இல்லை, 1 அல்லது 0. கம்ப்யூட்டரின் அடிப்படையே இதுதான் என்று படித்திருப்பீர்கள்.

பிரான்ஸ் நாட்டின் லியோன் பட்டு நெசவுக்குப் பேர்போன நகரம். அங்கு ஜோசப் மரி ஜக்கார்டு என்பவர் 1804-ல் இந்த முறையைக் கொண்டுவந்தார். இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் 1830-களில் தன் அனலிட்டிகல் இன்ஜினை வடிவமைத்தபோது இதே அட்டைகளைத்தான் பயன்படுத்த நினைத்தார். சுமார் 24,000 அட்டைகளை வைத்துப் பட்டில் நெய்யப்பட்ட ஜக்கார்டின் உருவப்படம் ஒன்று பாபேஜிடம் இருந்தது.

1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹொல்லரித் துளை அட்டைகளை வைத்து எண்ணும் மெஷினைப் பயன்படுத்தினார். அவர் தொடங்கிய கம்பெனி பிறகு வேறு கம்பெனிகளுடன் இணைந்தது. அப்படி உருவான நிறுவனம் 1924-ல் ஐபிஎம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1981-ல் ஐபிஎம் வெளியிட்ட பெர்சனல் கம்ப்யூட்டரின் வழியில் வந்தவைதான் இன்று பெரும்பாலான வீடுகளில் இருக்கும் கம்ப்யூட்டர்கள்.

கதை இங்கே முடியவில்லை. 2005-ல் ஐபிஎம் தன் பெர்சனல் கம்ப்யூட்டர் பிரிவை விற்றுவிட்டது. வாங்கியது லெனோவா என்ற சீன நிறுவனம். 1984-ல் பெய்ஜிங்கில், சீன அறிவியல் கழகத்தின் ஆதரவில் சிறியதாகத் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. 2013-ல் உலகிலேயே அதிகக் கம்ப்யூட்டர் விற்கும் நிறுவனமாக ஆகிவிட்டது. அதற்கு நம் பக்கத்திலேயே புதுச்சேரியில் ஒரு தொழிற்சாலை இருக்கிறது.

பட்டுத்தறியில் தொடங்கிய யோசனை உலகத்தைச் சுற்றிக் கடைசியில் பட்டு பிறந்த நாட்டின் கைக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. அந்த நாட்டுக்குத் தறி புதிதல்ல. செங்டு நகரத்தில் லாவோகுவான்ஷான் என்ற இடத்தில் 2000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையான கல்லறையைத் தோண்டியபோது, பூவேலை நெய்யும் தறிகளின் சிறிய மாதிரிகள் கிடைத்தன. ஜக்கார்டு பிறப்பதற்குச் சுமார் 1900 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே டிசைன் நெய்திருக்கிறார்கள்.

சீன நூலில் அப்படி என்ன இருக்கிறது?

சரி, ஆரணி நெசவாளர் ஏன் சீன நூலைத் தேடுகிறார்? விலை குறைவு என்பதுதான் பலரும் சொல்லும் பதில். அப்பா அப்படிச் சொல்லவில்லை. "அறுந்துக்கினே இருந்தா எப்படி நெய்யறது?" என்றார்.

ஒரு பாவில் ஆயிரக்கணக்கான இழைகள் இருக்கின்றன. ஒரு பாவில் மூன்று, நான்கு சேலை நெய்ய வேண்டும். எங்கோ ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, அதைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் அடுத்த நாடாவை ஓட்ட முடியும். நெசவாளருக்குச் சேலைக்குத்தான் கூலி, முடிச்சுக்குக் கூலி இல்லை. அதனால் பாவுக்குச் சீன நூலும் ஊடைக்கு நம் நாட்டு நூலும் என்று பிரித்துக்கொள்வது வழக்கமாயிற்று.

ஏன் ஒரு நூல் அறுகிறது, இன்னொன்று அறுவதில்லை? பட்டுப்புழு ஒரு கூட்டை ஒரே தொடர் இழையாகக் கட்டுகிறது. அந்த இழை மிக மெல்லியது. அதனால் வெந்நீரில் பல கூடுகளைப் போட்டு, அவற்றின் இழைகளைச் சேர்த்து ஒரே நூலாக இழுக்கிறார்கள். ஒரு கூட்டின் இழை போகப்போக மெலிந்துகொண்டே வரும். ஏதாவது ஒரு கூடு நடுவில் தீர்ந்துபோகும். சரியான நேரத்தில் புதுக் கூட்டைச் சேர்க்காவிட்டால் நூல் அந்த இடத்தில் மெலிந்துவிடும். நூல் அறுவது அந்த இடத்தில்தான்.

கையால் இழுக்கும் சர்க்காவில் இதைக் கண்ணால் பார்த்துத்தான் சமாளிக்க வேண்டும். தானியங்கி மெஷினில் நூல் ஒரு சிறிய சென்சார் வழியாகப் போகிறது. நூல் குறிப்பிட்ட அளவைவிட மெலிந்தால் உடனே மெஷின் ஒரு புதுக் கூட்டைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். அளந்து பார், குறைந்தால் சரிசெய், மீண்டும் அளந்து பார். சாப்ட்வேர் படித்தவர்கள் இதை லூப் என்பார்கள். நாள் முழுக்க அலுக்காமல் ஓடும் லூப்.

பட்டு நூலின் கனத்தை டேனியர் என்ற அளவில் சொல்கிறார்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் இருக்கிறதோ அத்தனை டேனியர். நூலைக் கறுப்புப் பலகையில் வரிசையாகச் சுற்றி, வெளிச்சத்தில் வைத்து, தடிப்பும் மெலிவும் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்ப்பார்கள். அதற்கேற்ப 2ஏ, 3ஏ, 4ஏ என்று தரம் போடுவார்கள். சீன நூல் இப்படித் தரம் போட்டு வந்தது. இன்று வாங்கியதும் ஆறு மாதம் கழித்து வாங்குவதும் ஒரே மாதிரி இருந்தன. நம்மவர்களின் நம்பிக்கையை அது சம்பாதித்தது இப்படித்தான்.

சீனா தோற்ற கதை

இனிதான் முக்கியமான விஷயம். சீனாவும் ஒரு காலத்தில் இதே இடத்தில் தோற்றிருக்கிறது.

பட்டைக் கண்டுபிடித்ததே சீனர்கள்தான். அந்த ரகசியத்தைப் பல நூற்றாண்டுகள் காத்தார்கள். ஆனால் 1872-ல் ஜப்பான் அரசு தொமியோகா என்ற ஊரில் ஒரு பட்டு ஆலையைத் தொடங்கியது. பால் புரூனா என்ற பிரெஞ்சுக்காரரை அழைத்துவந்து, பிரெஞ்சு முறையில் 300 நூல் இழுக்கும் தொட்டிகளை வைத்தார்கள். நாடெங்கிலும் இருந்து பெண்கள் அங்கே வந்து பயிற்சி பெற்றுத் தங்கள் ஊருக்குத் திரும்பிப்போய் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

அப்போது அமெரிக்காவின் விசைத்தறி ஆலைகள்தான் பெரிய வாடிக்கையாளர்கள். வேகமாக ஓடும் தறிக்கு ஒரே சீரான நூல் வேண்டும். கையால் இழுத்த சீன நூல் அதற்குச் சரிவரவில்லை. 1909 வாக்கில் பட்டு ஏற்றுமதியில் ஜப்பான் சீனாவை முந்திவிட்டது. பட்டு பிறந்த நாடு பட்டிலேயே இரண்டாம் இடத்துக்குப் போனது. அறுகிற நூல்தான் முக்கியக் காரணம்.

பிறகு ஜப்பானியர்கள் தானியங்கி மெஷினை உருவாக்கினார்கள். சீனர்கள் அதைப் பார்த்துக் கற்று, தாங்களே செய்யத் தொடங்கினார்கள். 1970-களில் பட்டு உற்பத்தியில் சீனா மீண்டும் ஜப்பானைத் தாண்டியது. பிரெஞ்சுக்காரரிடம் ஜப்பானியர் கற்றார், ஜப்பானியரிடம் சீனர் கற்றார். கற்றவர் முன்னேறினார்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு பெரிய பாரம் இறங்கியது. சீனாவிடம் மந்திரம் எதுவும் இல்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் அவர்கள் நின்ற இடத்தில்தான் இப்போது நாம் நிற்கிறோம்.

அணையிலும் ரயிலிலும் அதே பாடம்

சீனாவின் பெரிய சாதனைகளை டிவியில் பார்த்திருப்பீர்கள். யாங்சே நதியில் கட்டிய மூன்று பள்ளத்தாக்கு அணையின் மின் உற்பத்தித் திறன் 22,500 மெகாவாட். நம் மேட்டூர் அணையின் நீர்மின் நிலையங்கள் எல்லாம் சேர்ந்து 250 மெகாவாட். அதாவது 90 மேட்டூர். அதிவேக ரயிலில் 2004 வாக்கில் ஜப்பான், ஜெர்மனி, பிரான்ஸ், கனடா நாட்டு நிறுவனங்களின் தொழில்நுட்பத்தை வாங்கினார்கள். 2008-ல் பெய்ஜிங்கிலிருந்து தியான்ஜினுக்கு மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயில் வந்தது. இன்று அந்தப் பாதைகளின் நீளம் 45,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இப்போது ஓடும் புது ரயில்களை அவர்களே வடிவமைக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் துறையில் ஓர் உதாரணம். 2015-ல் சீன சூப்பர் கம்ப்யூட்டர் மையங்களுக்கு இன்டெல் சிப்புகளை விற்க அமெரிக்க அரசு தடை போட்டது. மறு வருடமே, 2016-ல், தாங்களே வடிவமைத்த பிராசஸர்களைக் கொண்டு சன்வே தாய்ஹூலைட் என்ற சூப்பர் கம்ப்யூட்டரை உலகப் பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே வருடத்தில் யாராலும் பிராசஸர் செய்ய முடியாது. தடை வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

1990 வாக்கில் சராசரி இந்தியரின் வருமானமும் சராசரி சீனரின் வருமானமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். இன்று அவர்களுடையது நம்மைப்போல் ஐந்து மடங்கு. 2010-ல் ஜப்பானைத் தாண்டி உலகின் இரண்டாவது பெரிய பொருளாதாரம் ஆனார்கள்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. அதையும் சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது. அந்த அணைக்காக 12 லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வீடு, வயலை விட்டு இடம் பெயர்ந்தார்கள். வேண்டாம் என்று உரக்கச் சொல்லும் உரிமை அவர்களுக்கு இல்லை. நம் ஊரில் ஒரு சாலைக்கு நிலம் எடுத்தாலே போராட்டம் நடக்கிறது, கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. வேலை தாமதமாகிறது என்று சலித்துக்கொள்கிறோம். அந்தத் தாமதத்தில்தான் ஒரு குடியானவரின் குரல் இருக்கிறது. அதை விட்டுக்கொடுத்து வேகத்தை வாங்க நான் சம்மதிக்கமாட்டேன். ஆனால் ஒரே சீராக நூல் இழுக்க யாருடைய வாயையும் அடைக்கத் தேவையில்லை. அவர்களிடமிருந்து எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

சூசோ ஒரு ஊர், ஆரணி ஒரு ஊர்

ஷாங்காய்க்குப் பக்கத்தில் சூசோ என்று ஒரு நகரம். பல நூற்றாண்டுகளாகப் பட்டுக்குப் பேர்போன ஊர். 1994-ல் சிங்கப்பூருடன் சேர்ந்து அங்கே ஒரு பெரிய தொழிற்பேட்டை தொடங்கினார்கள். பிறகு சூசோவும் அதைச் சேர்ந்த குன்ஷானும் உலகுக்கே லேப்டாப் செய்யும் இடங்களாக மாறின. 2000-களில் நீங்கள் ஒரு லேப்டாப் வாங்கியிருந்தால் அது அந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அங்கே நிலமும் கூலியும் விலை ஏறியதால் பட்டுப்புழு வளர்ப்பு லாபமில்லாமல் போனது. அரசே 2006-ல் ஒரு திட்டம் போட்டு அந்தத் தொழிலைக் கிழக்குக் கடற்கரையிலிருந்து மேற்குப் பகுதிகளுக்கு மாற்றியது. இன்று சீனாவில் அதிகமாகப் பட்டுக்கூடு விளைவது தெற்கே உள்ள குவாங்ஷி மாநிலத்தில். மொத்தத்தில் சீனாவின் பட்டு உற்பத்தியே முன்பு இருந்ததைவிட வெகுவாகக் குறைந்துவிட்டது.

இது நமக்கு ஒரு எச்சரிக்கை. பாவு நூலுக்கு ஒரே நாட்டை நம்பி இருந்தால், அந்த நாடு வேறு தொழிலுக்குப் போகும்போது நாம் என்ன செய்வோம்? இதுவே நமக்கு ஒரு வாய்ப்பும்கூட. அவர்கள் விட்டுச்செல்லும் இடத்தை யாராவது நிரப்பத்தானே வேண்டும்? உலகில் பட்டு உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடம் நமக்கு. பட்டை அதிகமாக உடுத்துவதில் முதலிடமும் நமக்குத்தான்.

வரி போட்டால் போதுமா?

வெளிநாட்டுப் பட்டுக்கு வரியை ஏற்றினால் போதும் என்பார்கள் சிலர். அதையும் செய்து பார்த்துவிட்டோம். 2011-ல் கச்சாப் பட்டின் இறக்குமதி வரி 30 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. நெசவாளர்கள் மகிழ்ந்தார்கள், பட்டுக்கூடு வளர்ப்பவர்களும் நூல் இழுப்பவர்களும் கலங்கினார்கள். 2013-ல் 15 ஆக ஏறியது. பிறகு 10 ஆக இறங்கி, 2021 பட்ஜெட்டில் மீண்டும் 15 ஆனது. வரி ஏறினால் நெசவாளருக்கு வலி, இறங்கினால் விவசாயிக்கு வலி. இருவரும் நம்மவர்களே. எத்தனை சதவீதம் வரி போட்டாலும் நூலின் மெலிந்த இடம் தடிக்காது.

நூலைச் சரிசெய்யும் வேலையும் ஒருபுறம் நடந்தது. நம் நாட்டு வெயிலுக்குத் தாங்கும் என்று நாம் வளர்த்து வந்தவை பெரும்பாலும் கலப்பினப் புழுக்கள். அவற்றின் இழை குட்டை. இருபருவ இனம் என்று சொல்லப்படும் வெண்பட்டுக் கூட்டின் இழை ஆயிரம் மீட்டரைத் தாண்டும். 1991 முதல் ஜப்பான் உதவியுடன் மைசூர் ஆராய்ச்சி நிலையத்தில் நம் சூழலுக்கு ஏற்ற இருபருவ இனங்களை உருவாக்கினார்கள். ஓசூர், தர்மபுரிப் பக்கத்து விவசாயிகள் இன்று அதை நன்றாக வளர்க்கிறார்கள். அந்தக் கூடுகளை இழுக்க மத்திய பட்டு வாரியத்தின் உதவியோடு தானியங்கி மெஷின்கள் வந்தன. தொடக்கத்தில் வந்த மெஷின்கள் சீனாவில் செய்தவை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவர்களும் அப்படித்தானே கற்றார்கள்?

பலன் தெரிகிறது. 2000-களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு சுமார் 8,000 டன் கச்சாப் பட்டை இறக்குமதி செய்துகொண்டிருந்தோம். 2022-23-ல் அது 4,000 டன்னுக்கும் கீழே. அந்த ஆண்டு எல்லா வகைப் பட்டும் சேர்த்து நம் உற்பத்தி 36,000 டன்னுக்கும் மேல். இளக்காரமும் பயமும் செய்யாததைச் சத்தமில்லாமல் சில புழு வளர்ப்பாளர்களும் ஆராய்ச்சியாளர்களும் செய்திருக்கிறார்கள்.

உங்கள் கம்ப்யூட்டரில் என்ன செய்யலாம்?

"இதெல்லாம் சரி, கம்ப்யூட்டர் பத்திரிகையில் இது எதற்கு?" என்று கேட்கிறீர்களா? உங்கள் மேஜையில் இருக்கும் அந்தப் பெட்டிக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. "மேட் இன் சைனா" ஸ்டிக்கர் ஒட்டிய அதே பெட்டியில் பாட்டு மட்டும் கேட்கலாம், படம் மட்டும் பார்க்கலாம். அப்படியானால் நாம் வாங்குபவர்களாகவே இருப்போம். அதிலேயே ஏதாவது ஒன்றை அளக்கலாம், வரையலாம், செய்து பார்க்கலாம். அப்போது நிலைமை மாறும்.

எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். அப்பாவிடம் பழைய கிராஃப் பேப்பர் டிசைன்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. சில கரையான் அரித்துவிட்டன. விண்டோஸில் உள்ள பெயின்ட் புரோகிராமைத் திறந்து, ஒன்றைப் பெரிதாக்கி, வியூ மெனுவில் உள்ள கிரிட்லைன்ஸைக் கிளிக் செய்தேன். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக ஆனது. ஒரு கட்டம் ஒரு பிக்ஸல். ஒரு பிக்ஸல் என்றால் பாவும் ஊடையும் சந்திக்கும் ஒரு இடம். அப்பா ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இது நம்ம கிராஃப் பேப்பர்தானடா" என்றார். மவுஸ் பிடிக்கப் பழகத்தான் அவருக்குச் சில நாட்கள் ஆயின. மாங்காய்க் கரை ஒன்றை அவரே முடித்து, பிஎம்பி ஃபைலாகச் சேவ் செய்தோம். மின்னணு ஜக்கார்டுகள் கேட்பதும் இந்த மாதிரிப் படத்தைத்தான். அட்டை குத்தும் கூலி மிச்சம். கரையானும் தின்னாது. பென் டிரைவில் ஒரு காப்பி எடுத்து வைக்க மறந்துவிடாதீர்கள்.

அடுத்து நூல். உள்நாட்டு இருபருவப் பட்டில் ஒரு பாவு போட்டுப் பார்க்கலாம் என்று சொன்னேன். அப்பாவுக்கு நம்பிக்கை இல்லை. "அறுந்துபோனா நீயா வந்து முடிச்சுப் போடுவ?" என்றார். ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். ஒவ்வொரு நாளும் எத்தனை முறை அறுந்தது என்று நோட்டில் கோடு போடுவார். வாரக் கடைசியில் ஊருக்குப் போகும்போது அதை நான் எக்ஸெலில் ஏற்றுவேன். முன்பு நெய்த சீனப் பாவுக்கும் அதே மாதிரி கணக்கு இருந்தது.

முடிவை மறைக்காமல் சொல்கிறேன். சீன நூலைவிடக் கொஞ்சம் அதிகமாகத்தான் அறுந்தது. ஆனால் அப்பா இளவயதில் பாவுக்குப் போட்டுப் பார்த்து வெறுத்துப்போன நாட்டு நூலுடன் ஒப்பிட்டால் மிகமிகக் குறைவு என்று அவரே சொன்னார். எக்ஸெலில் ஒரு சார்ட் போட்டபோது இன்னொன்றும் தெரிந்தது. அறுந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே வாரத்தில். அந்த வாரம் ஓடியது வேறு முறுக்குக்காரர் முறுக்கிய நூல். அதாவது தவறு கூட்டில் இல்லை, முறுக்கில். ஒவ்வொரு இழை அறும்போதும் திட்டிக்கொண்டிருந்தவரையில் இது தெரியவே இல்லை. எண்ணிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

இந்த ஒன்றைத்தான் நான் சீனாவிடமிருந்து எடுத்துக்கொள்வேன். அணையும் ரயிலும் கண்ணுக்குத் தெரிகிற கோபுரங்கள். அடியில் இருப்பது அளக்கும் பழக்கம், தோற்றால் ஏன் தோற்றோம் என்று பார்க்கும் பழக்கம், தெரிந்தவரிடம் போய்க் கற்கும் பழக்கம். இவற்றுக்குப் பெரிய முதலீடு தேவையில்லை. ஒரு நோட்டும் பென்சிலும் போதும். கம்ப்யூட்டர் இருந்தால் இன்னும் சுலபம்.

எங்கள் ஊர்ப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பெருமைதான். ஆனால் குறியீடு காப்பாற்றுவது பெயரை. தறியைக் காப்பாற்ற நல்ல நூலும் சரியான கூலியும் நெய்ய ஆளும் வேண்டும். கூட்டுறவுச் சங்கங்கள் ஒவ்வொரு நூல் கட்டுக்கும் தரச் சோதனைச் சீட்டு கேட்டு வாங்கலாம். நூறு தறிகளின் அறுந்த கணக்கைச் சேர்த்து நூல் இழுப்பவருக்கும் முறுக்குபவருக்கும் அனுப்பலாம். ஆரணியிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் வந்துவிட்ட என்னைப் போன்ற எத்தனையோ பேர் வாரத்தில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

அந்த இரண்டாவது தறி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். இன்னும் கழற்றவில்லை. சித்தப்பா மகன் திரும்பி வந்துவிட்டான் என்று கதை சொல்ல எனக்கு ஆசைதான். வரவில்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வருகிற வேலையை விட்டுவிட்டு வா என்று அவனைக் கூப்பிடும் தைரியம் எனக்கும் இல்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்கு வந்து, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அப்பா வரைந்த மாங்காய்க்குப் பக்கத்தில் ஒரு மயிலைக் கட்டம் கட்டமாக வரைந்துகொண்டிருந்தான். கழுத்து வளைவு சரியில்லை என்று அப்பா பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

தறியைக் கழற்றலாமா என்று கேட்டாரே, அதற்கு என் பதிலை அன்று சொன்னேன். "இன்னும் ரெண்டு பாவு போட்டு எண்ணிப் பார்ப்போம்பா, அப்புறம் முடிவு பண்ணலாம்." அப்பா சரி என்றார்.

உங்கள் வீட்டில் எண்ணிப் பார்க்க வேண்டியது எது? கடைக் கணக்கா, கரன்ட் பில்லா, மாட்டுப் பாலா, பிள்ளையின் மார்க்கா? ஒரு எக்ஸெல் ஃபைலைத் திறந்து இன்றைக்கே முதல் வரியை எழுதுங்கள்.